சாம்பிராணி பாய் வீட்டுப் பறவைகள்

எங்கள் வளவில் நாலு வீடு, ஒரு குழாய், ஒரு முருங்கை மரம். வாசல் வீட்டில் நான் ரவிக்கை தைக்கிறேன். எதிர் வீட்டில் அப்துல் அலீம் குடியிருக்கிறார். அப்துல் அலீம் வீடு எது என்று யாராவது கேட்டுக்கொண்டு வந்தால் எங்கள் தெருக்காரர்களே முழிப்பார்கள். சாம்பிராணி பாய் என்று கேட்டால் கீழமாசி வீதி முழுக்கக் கை காட்டும்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் கிளம்புவார். பச்சைத் தலைப்பாகை, சங்கிலி போட்ட சட்டி, சட்டியில் கங்கு, கக்கத்தில் மயிலிறகுக் கட்டு. கடை கடையாக ஏறிக் கல்லாவுக்கு ஒரு வீச்சு, சாமி படத்துக்கு ஒரு வீச்சு, முதலாளி தலைக்கு ஒரு வீச்சு. பாத்திரக்கடை காசிமாயன் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிற ஆள். பாய் வந்தால் மட்டும் எழுந்து நின்று கண்ணை மூடி, புகையை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் ஒற்றிக்கொள்வார். இப்போது பாயின் கழுத்தில் கியூஆர் அட்டையும் தொங்குகிறது. காலம் அப்படி.

தன் தொழிலில் அவருக்கு அப்படி ஒரு கர்வம். "என் சாம்பிராணி பட்ட எடத்துல கண்ணூறு தங்காது தங்கச்சி" என்பார். நான் சும்மா இருப்பேனா? "அப்ப எங்க வீட்டுக்காரரு தலையிலயும் ஒரு வீச்சு வீசுங்க பாய், என்னமோ தங்கியிருக்கு" என்பேன். சிரிப்பார். சிரித்தால் இருமல் வந்துவிடும். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பும்போது முதலில் இருமல் வரும், பிறகு வாசம் வரும், கடைசியில்தான் பாய் வருவார். வளவில் பிள்ளைகள்கூட அந்த இருமலைக் கேட்டுத்தான் நேரம் சொல்லும்.

இம்புட்டு நல்ல மனுஷன் தன் மகள் விஷயத்தில் கோட்டை விட்டார். கிளி மாதிரி வளர்த்துக் குரங்கு கையில் கொடுத்தது என்பார்களே, அந்தக் கதைதான். நிலோபர் ஒரே பெண். மேலூரில் முகமது ஆசிப் என்று ஒருவன். அவனுடைய மாமாவும் பாயும் சின்ன வயசுச் சேக்காளிகள். அதை நம்பி, விசாரிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டார். "எனக்கு மனசு ஒப்பலத்தா" என்று அந்தப் பெண் அழுதது எனக்கே கேட்டது. "என் வார்த்தை போயிரும்மா" என்றார் இவர். ஆசிப்புக்குத் திருப்பூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது, கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது.

போன பங்குனியில் நிலோபர் திரும்பி வந்தாள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு பை, ஒரு கூடு. கூட்டுக்குள் இரண்டு காக்டெயில் கிளிகள். மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. மேலூர் வீட்டு மாடியில் பேச ஆளில்லாமல் கிடந்தபோது அவளே வாங்கி வளர்த்தவை. பெட்டைக்குப் பெயர் பூந்தி, சேவலுக்குப் பெயர் சேவு. "ரெண்டையும் கலந்தா மிச்சருதான்" என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற தகப்பனைத் தாண்டி உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. அப்பாவைக் கூப்பிடுகிற அத்தா என்ற சொல்லை மட்டும் நிறுத்திவிட்டாள். "சோறு வச்சிருக்குன்னு சொல்லுங்கம்மா" என்பாள் தாய் சபுராவிடம். சபுராக்கா நடுவில் நின்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். என் மகள் ஒரு நாள் பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்த மனுஷன் எப்படித் தாங்கினாரோ.

அவள் பேச்செல்லாம் பறவைகளோடுதான். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. போவதற்கு முன் ஒரு மணி நேரம் கூட்டோடு கிடப்பாள். தட்டில் விரித்த பேப்பரை எடுத்து எச்சம் என்ன நிறம், தண்ணியாக இருக்கிறதா என்று பார்ப்பாள். எனக்குக் குமட்டும். "அதுக சொல்லாதுக்கா, நாமதான் பாக்கணும்" என்பாள். தினையும் கம்பும் புடைத்து வைப்பாள், முந்தின நாள் உமியை ஊதித் தள்ளுவாள். ஊறவைத்த பச்சைப்பயறு கொஞ்சம், முருங்கைக்கீரை ஒரு கொத்து. காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுவாள். அலகு தேய்க்கக் கணவாய் மீன் ஓடு. உட்காரப் பிளாஸ்டிக் குழாய் கூடாதென்று கொய்யாக் கொம்பு ஒடித்துக் கட்டினாள். வெயில் நாளில் ஒரு பரந்த தட்டில் தண்ணீர் வைத்தால் இரண்டும் இறங்கி இறக்கையை அடித்து முங்கி எழும். அந்தி சாய்ந்ததும் மெல்லிய துணி போர்த்தி மூடிவிடுவாள்.

வளவே வேடிக்கை பார்க்கும். சேவு நன்றாக விசில் அடிப்பான். பால்காரர் சைக்கிள் ஹாரனை அப்படியே விசிலடித்து என்னை இரண்டு தடவை தூக்குச்சட்டியோடு வாசலுக்கு ஓடவைத்தான், படவா.

பறவைக்கு எண்ணெய்ப் புகை ஆகாது என்று எங்கோ படித்துக் கூட்டை அடுப்படிப் பக்கமே விடமாட்டாள் நிலோபர். கொசுவர்த்தியை நிறுத்திக் கொசுவலை வாங்கிப் போட்டாள். முன்னறையில் ஜன்னலோரமாகக் கூட்டை மாட்டினாள். அதே ஜன்னலுக்குக் கீழேதான் பாய் தன் சட்டியை ஆற வைப்பார். அதே அறையில்தான் வெள்ளிக்கிழமை காலையில் சாம்பிராணிக் கட்டியை இடிப்பார். ராத்திரி பாய் வந்தவுடன் சட்டியில் மிச்சமிருக்கும் புகையைச் சபுராக்கா வீடு முழுக்கக் காட்டிவிட்டுக் கூட்டுக்கும் ஒரு சுற்றுச் சுற்றுவார். நிலோபர் பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டின் மணம் அதுதான்.

கோடை முழுக்க ஜன்னல் திறந்தே கிடந்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலை அடைத்தார்கள்.

தீபாவளித் தையல் நெரிசலில் நான் தலை நிமிராமல் இருந்தபோது நிலோபர் வந்து நின்றாள். "அக்கா, சேவு விசிலடிக்க மாட்டேங்குது." போய்ப் பார்த்தேன். இறகையெல்லாம் உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது.

மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்தோம். சபுராக்காவுக்கு முழங்கால் வலி, அதனால் நான் போனேன். யாரும் கூப்பிடாமலே பாயும் ஏறி டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார். பறவைகளைப் பார்க்கும் டாக்டர் சத்யப்ரியா, வயசு சின்னது. சேவைத் துண்டில் சுற்றிப் பதமாகப் பிடித்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"மூச்சுக் குழல்ல தொந்தரவு. எத்தன நாளா இப்படி?"

"நேத்துத்தான் மேடம் கவனிச்சேன்."

"நேத்து வந்ததா இருக்காதும்மா. பறவைங்க நோவ மறைக்கும். முடியலன்னு காட்டிக்கிட்டா வெளியில மத்தது அடிச்சுத் தின்னுரும்ல. நம்ம கண்ணுக்குத் தெரியிறப்ப ரொம்ப முத்தியிருக்கும்." மருந்து எழுதிக்கொண்டே கேட்டார், "வீட்ல புகை எதுவும் இருக்கா? சிகரெட்டு, கொசுவர்த்தி, வெறகடுப்பு?"

நிலோபர் வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார். "அல்லா மேல ஆணையா கெடையாதும்மா. பீடிய நான் கையால தொட்டது கெடையாது. எங்க வீட்ல ஒரு பொட்டுப் புகை கெடையாது."

நிலோபரும் ஆமாம் என்று தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். ஒருத்தர்கூடப் பொய் சொல்லவில்லை. சாம்பிராணியைப் புகை என்று நினைக்க எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அது கோயிலில் இருக்கிறது, தர்காவில் இருக்கிறது, பிள்ளை பெற்றவள் தலையைக் காயவைக்கிறது. ஆஸ்பத்திரியில் அடித்த பினாயில் நெடியில் பாயின் சட்டை வாசம் டாக்டருக்கும் எட்டவில்லை.

சேவைத் தனிக்கூட்டில் போட்டுப் பல்பு வெளிச்சத்தில் கதகதப்பாக வைத்தாள். சொட்டு மருந்து கொடுத்தாள். வேலைக்கு லீவு போட்டாள். தேறவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் கூட்டின் தரையில் கிடந்தான்.

முருங்கை மரத்தடியில் பாய்தான் கடப்பாரையால் குழி தோண்டினார். நிலோபர் தன் பழைய துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றி வைத்தாள். மண்ணைத் தள்ளிவிட்டு அவள் எழுந்தபோது பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் கடப்பாரையைப் பிடித்தபடி நின்றார்.

ஜோடியை இழந்த பூந்தி இரண்டு வாரத்தில் சுணங்கிவிட்டது. இறகை உப்பிக்கொண்டது, வாலும் ஆட ஆரம்பித்தது. பாய் என்னிடம் வந்தார். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது கண்ணூறு தங்கச்சி. வளவே வந்து வந்து பாத்தீகள்ல."

"எங் கண்ணச் சொல்றீகளா பாய்?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஒன்னச் சொல்லல. பொதுவாச் சொல்றேன்." கொஞ்ச நேரம் இருமினார். "அந்தப் புள்ள என்னய 'அத்தா'ன்னு கூப்புட்டு எம்புட்டு நாளாச்சு தெரியுமா? பங்குனியில நின்னுச்சு. நான் பண்ணுனதுக்கு இது பத்தாதுதான். ஆனா இந்தப் பூந்திய மட்டும் நான் காப்பாத்திக் குடுத்துட்டேன்னு வையி, கூப்புடும். கட்டாயம் கூப்புடும்."

கண்ணில் தண்ணீர் நின்றது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. "கூப்பிடும் பாய், எங்க போயிரப்போகுது" என்றேன்.

மறுநாள் வியாழக்கிழமை. வியாழன் சாயங்காலம்தான் கடைவீதியில் பாயைத் தேடுவார்கள். அன்றைக்கு அவர் கிளம்பவில்லை. அஸர் முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார். காசிமாயன் போன் போட்டு, "என்ன பாய், கடையப் பூட்டுற வரைக்கும் காத்திருக்கணுமா?" என்று கத்தியது எனக்கே கேட்டது. "இன்னைக்கு என் வீட்டு வேலைண்ணே" என்று வைத்துவிட்டார்.

ரமலான் இருபத்தேழாம் இரவுக்கென்று டப்பாவில் பத்திரப்படுத்தியிருந்த உயர்ந்த சாம்பிராணியை எடுத்தார். சட்டி நிறையக் கங்கு போட்டார். புகை ஒரு சிட்டிகைகூட வீணாகக் கூடாதென்று கதவைச் சாத்தினார், ஜன்னல் ஏற்கெனவே அடைப்பு. சபுராக்கா முக்காடு போட்டுக் கையேந்தி உட்கார, இவர் ஓதிக்கொண்டே கூட்டைச் சுற்றிச் சுற்றி மயிலிறகால் வீசினார். முப்பது வருஷமாக ஊரார் கல்லாவுக்கும் தலைக்கும் காட்டினாரே, அதில் எதற்கும் இவ்வளவு மனசு வைத்துக் காட்டியிருக்கமாட்டார்.

குடம் நிறையட்டும் என்று நான் குழாயடியில் நின்றிருந்தேன். கதவிடுக்கிலிருந்து வெள்ளையாகக் கசிந்தது. நல்ல மணம். இழுத்து மூச்சுவிட்டேன். அப்போதுதான் நிலோபர் வளவுக்குள் நுழைந்தாள். பூந்தியை டாக்டரிடம் காட்டப் பர்மிஷன் போட்டுவிட்டுச் சீக்கிரம் வந்திருக்கிறாள். கதவைப் பார்த்தாள், கசிகிற புகையைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். எனக்கு இன்னும் விளங்கவில்லை, அவளுக்கு விளங்கிவிட்டது. கைப்பையை எறிந்துவிட்டு ஓடிக் கதவை அறைந்தாள்.

"அத்தா! அத்தா, கதவத் தெறங்க! அத்தா!"

கதவு திறந்தது. புகை மூட்டத்துக்குள்ளிருந்து பாய் வெளியே வந்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. சிரித்துக்கொண்டிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. மகள் அத்தா என்று கூப்பிட்டுவிட்டாள்.

அவள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து கூட்டைத் தூக்கி வந்தாள். பூந்தி தரைக்கம்பியில் வாயைத் திறந்தபடி கிடந்தது. முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் அவள் போனிலிருந்து டாக்டருக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"சாம்பிராணியா?" என்றார் டாக்டர் சத்யப்ரியா. "வீட்ல தெனமும் போடுவீங்களா?"

"தெனமும்தான் மேடம்" என்றாள் நிலோபர்.

"அதுவும் புகைதானேம்மா. பறவைக்கு எல்லாப் புகையும் ஒண்ணுதான். காத்தாட வெளிய வச்சிருங்க, ஒடனே தூக்கிட்டு வாங்க."

ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. பாய் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு எப்போது போனது என்று நான் பார்க்கவில்லை. மயிலிறகுக் கட்டு கையிலிருந்து நழுவி விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. சபுராக்காதான் சட்டியில் தண்ணீரை ஊற்றினார். நல்லது செய்யப்போய் இப்படியா முடிய வேண்டும்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வோம். கண்ணால் பார்த்தால் சொல்ல வாய் வராது.

நிலோபர் கத்தவில்லை, ஏசவில்லை. சேவுக்குப் பக்கத்திலேயே அவளே குழி தோண்டினாள். மறுபடியும் பேச்சு நின்றுபோனது.

பாய் சில நாள் வெளியே போகவில்லை. காசிமாயன் நேரில் வந்து கூப்பிட்டுப் பார்த்தார். வேறு தொழில் தெரியாத மனுஷன் எத்தனை நாள் வீட்டில் கிடப்பார்? திரும்பப் போனார். ஆனால் சட்டியையும் சாம்பிராணி மூட்டையையும் பாத்திரக்கடை பின்கட்டிலேயே வைத்துவிட்டார். வந்ததும் வளவுக் குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சட்டை கைலியை அங்கேயே அலசிப் போட்டு, வேறு உடுத்திக்கொண்டுதான் வீட்டுப்படி ஏறுவார். கார்த்திகை மாதத்துக் குளிர் தண்ணீர். குளிக்கும்போதே இருமல் பிய்த்து எடுக்கும்.

என் வாய் சும்மா இருக்காதே. "கூடுதான் காலியாக் கெடக்கே பாய், இனி யாருக்கு இந்தக் குளிப்பு?" என்று கேட்டுவிட்டேன்.

"அந்தப் புள்ள கூட்ட இன்னமும் தெனமும் தொடச்சு வைக்குது தங்கச்சி, நீ பாக்கலையா?" என்றார்.

ஒரு சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. பாய் குழாயடியில் குனிந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். நிலோபர் ஜன்னலில் நின்றாள். அந்த ஜன்னல் இப்போதெல்லாம் மழையிலும் திறந்துதான் இருக்கிறது. அவருடைய வெற்று முதுகு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. பூந்தியின் வாலை எப்படிப் பார்த்தாளோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அக்கா, இவுகளுக்கு இந்த இருமல் எம்புட்டு நாளா இருக்கு?"

"நீ பொறக்குறதுக்கு முன்னாலருந்து" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எத்தனை வருஷமாக அந்த இருமலை வைத்து நேரம் பார்த்தோம், ஒருவராவது காரணம் கேட்டோமா?

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அவள் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெளுத்த சட்டையைத் தேய்த்துக் கட்டிலில் வைத்தாள், ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவரும் ஒன்றும் கேட்காமல் ஏறினார். இந்தத் தடவை முன்னால் போய் ஒடுங்க விடவில்லை. பின்சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காரவைத்தாள்.

நெஞ்சு டாக்டருக்கு நடுத்தர வயசு. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருந்தோம். நிலோபரின் விரல்கள் என் முந்தானையைப் பிடித்திருந்தன.

படத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "புகைப் பழக்கம் உண்டா பெரியவரே?"

"அல்லா மேல ஆணையா..." என்று பாய் வழக்கம்போல ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டார். மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்கத்தா" என்றாள் நிலோபர்.

"உண்டுங்க" என்றார் பாய். "முப்பது வருசமா."

"பீடியா, சிகரெட்டா?"

"சாம்பிராணி" என்றார். எத்தனையோ கடைப்படிகளில் நிமிர்ந்து நின்று சொன்ன சொல்லை அன்றைக்குத்தான் அவர் தலை குனிந்து சொன்னார்.